உடன் வருபவர்

சோதனைக்கு அனுப்பிய மடலை யாரோ திறந்து உறுதி செய்திருந்தார்கள்.

யுவராணிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஓடைப்பட்டி திராட்சை விவசாயிகள் சுற்றுலா போவதற்காக அவள் வீட்டிலிருந்தபடியே செய்துகொண்டிருந்த பதிவுப் பக்கம் அது. மின்னஞ்சல் கேட்டால் பாதிப் பேர் வாய்க்கு வந்ததைக் கொடுப்பார்கள். @ இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று நிரல் பார்த்துவிடும்; அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்பது அதற்கு எப்படித் தெரியும்? அதனால்தான் ஒரு மடல் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அமுக்கினால் மட்டுமே பதிவு என்று வைத்திருந்தாள். சோதித்துப் பார்க்கையில், பாழாய்ப்போன கைப்பழக்கம், கணவன் சுருளிராஜனின் முகவரியை அடித்துத் தொலைத்திருந்தாள்.

சுருளிராஜன் செத்துப் பதினோரு மாதம். போனில்லாமல் ஒரு நிமிஷம் இருக்க மாட்டானே என்று அழுது, அதையும் குழியில் அவன் நெஞ்சின்மேல் வைத்துத்தான் மண்ணைத் தள்ளினார்கள். கடவுச்சொல் வேறு யாருக்கும் தெரியாது.

சாரல் பிடித்து, நாலு மணிக்கே வீடு இருட்டிக் கிடந்தது. பின்னாலிருந்த திராட்சைப் பந்தலிலிருந்து ஈரமண் வாடையும் மருந்தடித்த வாடையும் ஒன்றாகக் கலந்து வந்து தொண்டையில் நின்றன. உள்ளறையில் ஐந்து வயது மகள் மகாலட்சுமி இவள் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிரலில்தான் ஏதோ பிழை என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, யுவராணி பக்கத்தைப் புதுப்பித்தாள்.

அவள் காலியாக விட்டிருந்த 'உடன் வருபவர்' கட்டம் நிரம்பியிருந்தது.

மகாலட்சுமி.

கீழே, பிள்ளை பிறந்த வாரமே அவன் ஆசையாகத் திறந்து வைத்த மின்னஞ்சல் முகவரி. அதற்கும் உறுதிசெய்யும் மடல் போயிருந்தது. அந்த முகவரிக்கு வருவதெல்லாம் யுவராணியின் போனில்தான் விழும். போன் பிள்ளை கையில்.

பாட்டு நின்றது.

"ஏ ஆத்தா! போன்ல எதையும் அமுக்கிறாத!"

"அமுக்கிட்டேம்மா. அப்பாதான் அமுக்கச் சொன்னாக."

ஓடினாள். கட்டிலில் போன் கிடந்தது. பிள்ளை இல்லை. பின்கதவு திறந்திருந்தது.

பந்தலுக்கு அடியில் மகாலட்சுமி நடந்துகொண்டிருந்தாள். வலது கை மேலே தூக்கியிருந்தது. பக்கத்தில் யாருமில்லை. யுவராணி பந்தலுக்குள் பாய்ந்தாள்.

பிள்ளையின் விரல்கள் ஒன்றோடொன்று நசுங்கி வெளுத்திருந்தன.

"மெதுவாப் பிடிங்கப்பா," என்றாள் பிள்ளை, மேலே பார்த்து. "வலிக்குது."