மணிக்காகக் கொட்டிய தண்ணீர்

மோத்தா குடும்பத்து வள்ளத்தில் அன்று இருந்தவர்கள் மூவர்: வள்ளத்தின் தலைவரான தண்டலாகச் சுக்கான் பிடித்த ஜெரோபின் மோத்தா, அவர் தம்பி அமலன், மாமன் மகள் பெல்சியா. பெல்சியா ஆஸ்பத்திரி நர்ஸ். தூத்துக்குடிக்கு அப்பால், ஆளில்லாத் தீவொன்றின் அருகே பூட்டனாரின் தோணியோடு மூழ்கிய வெண்கல மணியை மீட்கப் போனார்கள்.

மணி கிடைத்தது. அதை ஏற்றியதும் வள்ளம் தாழ்ந்தது. மற்ற இருவரும் நீருக்குள் முங்கி, தோணியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, பாரம் குறைய ஜெரோபின் குடிதண்ணீரைக் கொட்டினார். காலிக் கேனை அலை கொண்டுபோனது. இருட்டுமுன் கரை சேர்ந்துவிடலாம் என்று நினைத்தார். இன்ஜின் கிளம்பவில்லை.

தீவில் ஒதுங்கியதும் பெல்சியா கேட்டாள். "தண்ணிக் கேன் எங்க அத்தான்?"

"இவன் ஏத்த மறந்துட்டான்," என்றார் ஜெரோபின்.

வள்ளத்தில் தண்டல் சொல்லை மறுப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. "ஏத்துன மாதிரிதாம்ணே இருந்துச்சு," என்று முனகிய அமலன், மிச்சமிருந்த ஒரே தண்ணீர் பாட்டிலில் தன் பங்கையும் பெல்சியாவிடம் தள்ளினான். மறுநாள் தாகம் தாளாமல் கடல்தண்ணீரையே அள்ளிக் குடித்தான். மதியம் அவன் பேச்சு குழறியது.

"வாந்தி எடுத்தா சரியாயிருமா?" ஜெரோபின் கேட்டார்.

"வயித்தோட நிக்கல அத்தான். கருவாட்டுக்கு உப்புப் போட்டா மீன் தண்ணி விடும்லா? அவன் உடம்புல ஒவ்வொரு செல்லும் அப்படி விட்டுட்டிருக்கு. உப்பு கூடுன பக்கம் தண்ணி ஓடிரும். நல்ல தண்ணி வேணும். மேட்டுல புல்லு பச்சையா நிக்கி, அங்க தோண்டுங்க."

ஜெரோபின் கையாலேயே தோண்டினார். நகம் பிய்ந்தது, நிறுத்தவில்லை. மணலடியில் தங்கியிருந்த மழைநீர் கசிந்தது. கரையொதுங்கிய தேங்காய்ச் சிரட்டை நிறைய ஏந்தி ஓடினார்.

பெல்சியா அவர் கையைப் பிடித்தாள். "மடமடன்னு ஊத்தாதீங்க. சுருங்குன செல்லு பொசுக்குன்னு உப்பிரும், மூளை வீங்கிரும். ஒவ்வொரு மடக்கா."

ஒவ்வொரு மடக்காகக் கொடுத்தார். அந்தி சாயும்போது அமலன் கண் திறந்தான். "மறந்துட்டேண்ணே. மன்னிச்சிரு."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. "நீ ஏத்துனலே. கொட்டுனது நான்."

அமலன் சிரட்டையின் பக்கம் தலையைத் திருப்பினான். பிறகு, "அடுத்த மடக்கக் குடு," என்றான்.

காலையில் வந்த விசைப்படகு அவர்களையும் மணியையும் கரை சேர்த்தது. மணி இன்று கோயிலில் ஒலிக்கிறது. மணி பெரிதுதான், தம்பியை விடப் பெரிதல்ல.

கேனை ஏற்ற மறந்தவன் அமலன் என்று, ஜெரோபின் முதலில் சொன்னபடியே, துறைமுகத்தில் இன்னும் சொல்கிறார்கள். அது பொய். ஏற்றியவன் அமலன். கொட்டியவர் ஜெரோபின் மோத்தா.