மஞ்சளில் வந்த வரி

"கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

டார்லின் அவனிடம் பேசிய முதல் பேச்சே அதுதான். பாளையங்கோட்டையில் அவள் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் ஆபீஸின் குறுகலான மாடிப்படி. மழைக்கு ஓடி வந்தவன் அவள் மேல் மோதி, கையிலிருந்த காபி முழுக்கச் சுடிதாரில்... அவன் நிமிர்ந்தான். நனைந்த இமை, மிரண்ட கண்... ச்சே, இவ்வளவு பெரிய கண்ணை வச்சுக்கிட்டா படி தெரியல!

பெயர் ஜெனோ. பத்தமடையில் பாய் ஏற்றுமதி செய்யும் அகமது மீரான் முதலாளியிடம் குமாஸ்தா. முதலாளியின் வெப்சைட்டுக்கான பக்கங்களை அவன்தான் அடித்து, வாராவாரம் ஃபிளாப்பியில் கொண்டு வருவான். மூன்று மாதமாக வந்தான், மேஜையில் வைத்தான், போனான். அவனே முதலில் பேசட்டும் என்று இவளுக்கு வீம்பு. பேசினால் மறுபடி திட்டு விழும் என்று அவனுக்குப் பயம்.

இன்று, தொண்ணூற்றொன்பது ஐப்பசியில், நாலு மணிக்கு முதலாளியே நேரில் வருகிறார். "தேடுத வார்த்தை எங்கன இருந்தாலும் மஞ்சளாத் தெரியணும் தாயி" என்பது அவர் ஆசை. மூன்று மணிக்கு டார்லின் அதற்கான புரோகிராமை எழுதி முடித்தாள். சோதனைக்கு 'மழை' என்று தட்டினாள்.

பாய்க்குக் கோரை அறுப்பதைச் சொல்லும் பக்கம் வந்தது. நடுவில், யாரும் எழுதச் சொல்லாத ஒரு வரி...

'மழை வந்தா டார்லின் ஜன்னலப் பாத்துச் சிரிக்கா. என்னயப் பாத்துதான் சிரிக்க மாட்டேங்கா.'

பார்க்கிறவர் கண்ணில் படாதபடி பக்கத்துக்குள் மறைத்து எழுதும் குறிப்பு உண்டு. அதற்குள்தான் எழுதியிருக்கிறான், பாவி! இவள் பூசிய மஞ்சள் மறைப்பை உடைத்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டது. அவசரமாகத் தேடினாள். இன்னும் எட்டுப் பக்கத்தில் அவள் பேர்!

கோபம் வரணுமே... வரவில்லை. காதுதான் சுட்டது. முதலாளி கண்ணில் இது பட்டால்? பொம்பளைப் பிள்ளை பேரை எழுதி விளையாடியவனை அந்த மனுஷர் இன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிடுவார். டார்லின் அழிக்கும் பட்டன் மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்...

அழிக்கவில்லை. மறைப்புக்குள் இருப்பதைத் தொடாதே என்று புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். எழுதினாள், சொதப்பியது. மாற்றினாள், மறுபடி சொதப்பியது. ஆண்டவரே, இந்த ஒரு தடவை!

நாலு அடிக்க இரண்டு நிமிஷம். படியில் செருப்புச் சத்தம். கடைசி மாற்றத்தைச் சேமித்தாள். சோதித்துப் பார்க்க நேரமில்லை.

முதலாளி உட்கார்ந்தார். பின்னால் தொப்பலாக நனைந்து ஜெனோ.

"எங்கன தாயி தட்டணும்?"

'கோரை' என்று தட்டினார். மஞ்சள் பளிச்சென்றது. "அடேயப்பா!" வெளியே மழை ஊற்றியது. அவர் ஜன்னலைப் பார்த்தார். "மழைன்னு போட்டுப் பாப்பமா?"

மறைப்புக்குள்ளும் தேடிவிடுமோ என்று ஜெனோவின் முகம் வெளுத்தது. டார்லின் மூச்சை அடக்கினாள். பக்கம் பைய இறங்கியது. தலைப்பு... படம்... 'மழை தொடங்குமுன் கோரையை அறுத்துக் காய வைப்போம்.' அந்த ஒரு இடத்தில் மட்டும் மஞ்சள்.

"ஏலே ஜெனோ, நல்லா எழுதியிருக்கியேலே!" முதலாளி அவன் முதுகில் தட்டிவிட்டு, மேனேஜரைப் பார்க்க உள்ளறைக்குப் போனார்.

"என் வரி வரல... பாத்துட்டீங்க, இல்லா?" என்றான் ஜெனோ.

"பாத்தேன்."

"தப்புதான். அழிச்சதுக்கு ரொம்ப நன்றி. இனி நான் வரல, வேற ஆள அனுப்புதேன்." அவன் திரும்பினான்.

போய்விடுவான். நிஜமாகவே போய்விடுவான்! வீம்பாவது ஒண்ணாவது...

"நில்லுங்க. எழுதத் தெரியுது, வாயால சொல்லத் தெரியாதா?"

அவன் நின்றான். "எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. திட்டுனீங்களே... அந்த நிமிஷத்துலேருந்து."

டார்லினுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான் ஒண்ணையும் அழிக்கல ஜெனோ. அழிக்க அஞ்சு நிமிஷம் போதும்... மறைச்சு வைக்கத்தான் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். புடிக்காமலா?"