இடது பக்கம்தான் முதலில்!

செல்போன் அலறியது.

கார் பெயிண்ட் ஷெட்டில் தனியாக நின்றிருந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லோரும் அவனைப் 'பாலிஷ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கை பட்ட வண்டியில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று பேர்.

இன்று வழுக்கியது அவன்தான்!

போனில் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"என்னங்க... இங்க ஒருத்தரைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. மதியம் எவனோ கார்ல இடிச்சுத் தள்ளிட்டு நிக்காமப் போயிட்டானாம். இன்னும் கண்ணு முழிக்கல."

"யா... யாரு இடிச்சதாம்?"

"யாருக்குத் தெரியும்? நீலக் காராம். பக்கவாட்டுல ரெட்டை சிவப்புக் கோடாம். எதிர்ப்பக்கம் பழக்கடைக்காரர் பார்த்திருக்கார். அடிபட்டவரோட பொண்டாட்டி வராண்டாவுல உக்காந்து கதறுது. பாவி... அவன் கை விளங்குமா?"

பாலிஷ் தன் கையைப் பார்த்தான்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"ம்..."

கட் செய்தான்.

எதிரே நீலக் கார். அதன் வலது பக்கத்தில்... ரெட்டை சிவப்புக் கோடு!

வண்டி ஒரு டீச்சருடையது. 'பழைய கோடு அசிங்கமா இருக்கு தம்பி. அடியில இருக்கிற பெயிண்ட் கெடாம எடுத்துக் குடுங்க' என்று காலையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் தொடுவான். அது அவன் பழக்கம். இடது பக்கம் முடிந்தபோது கோட்டைக் கரைக்கும் தின்னர் தீர்ந்துவிட்டது. ஸ்கூட்டரோ பஞ்சர். கஸ்டமர் வண்டியை வெளியே எடுக்கக்கூடாது என்று தெரிந்தும் எடுத்தான். தின்னர் வாங்கிக்கொண்டு வரும்போது, திருப்பத்தில் இடப்பக்கமாக நடந்து போனவர் மேல் சைடு கண்ணாடி இடித்தது. 'ஐயோ' என்ற சத்தம் கேட்டது. கால் பிரேக்குக்குப் போகவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தது.

இறங்கிப் பார்த்திருக்கலாமேடா, படுபாவி!

தன்னையே திட்டிக்கொண்டு துணியைத் தின்னரில் நனைத்தான்.

கோட்டின் மேல் ஒரு தேய்ப்பு... உடனே ஈரத் துணியால் ஒரு துடைப்பு. தின்னர் தங்கினால் வார்னிஷ் வெந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, பதனமாக எடுத்தான். ஒரு மனுஷன் மேல் காட்டாத பதனத்தை வார்னிஷ் மேல் காட்டுகிறோமே என்று நினைத்துக்கொண்டே தேய்த்தான்.

சிவப்பு போனது. ஆனால் கோடு போகவில்லை!

வருஷக்கணக்கில் வெயில் படாத இடம். வெளுத்த நீலத்துக்கு நடுவே கருநீலமாக இரண்டு கோடுகள் அவனையே பார்த்தன. மெழுகு மாதிரி இருந்த காம்பவுண்ட் பசையைத் தடவி, வெளுத்த நிறத்தைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றினான். வேர்வை கொட்டியது. கடைசியில் இரண்டு நீலமும் ஒன்றானது.

அந்த நேரம் பார்த்து...

வாசலில் போலீஸ் ஜீப்!

இன்ஸ்பெக்டர் இறங்கினார். அவசரமே இல்லாமல் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நீலக் கார்... ஆனா கோட்டைக் காணோமே?"

"இதுல... ஏது சார் கோடு?"

"யாரு வண்டி?"

"ஒரு டீச்சரோடது சார்."

"மதியம் யாரு ஓட்டினது?"

டீச்சர் என்று சொன்னால் போதும். தப்பித்துவிடலாம்...

"தெ... தெரியாது சார்."

"அப்ப டீச்சரைத்தான் தூக்கணும். ஸ்கூல் விடற நேரம், கேட்லயே பிடிச்சுக்கலாம்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பை நோக்கி நடந்தார். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, டீச்சர் தலைகுனிந்து ஜீப்பில் ஏறுவது பாலிஷின் கண்ணுக்குள் ஓடியது.

"சார்... வேணாம் சார். அவங்க பாவம். நான்தான் இடிச்சேன்... நான்தான் நிக்காம ஓடி வந்தேன்."

சொன்னதும் விம்மி விம்மி அழுதான்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து ஒரு பெயிண்ட் டிரம்மை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒருவழியா வாய் திறந்தியா? அழாத. அந்தாளு கண்ணு முழிச்சுட்டார்."

"பொழச்சுட்டாரா சார்?"

"பொழச்சுட்டார். 'என்னை இடிச்ச நீலக் கார்ல கோடே இல்ல'ன்னு அடிச்சுச் சொல்றார். பழக்கடைக்காரர் 'கோடு இருந்துச்சு'ன்னு சத்தியம் பண்றார். அடிபட்டவர் பார்த்தது இடது பக்கம். இவர் பார்த்தது வலது பக்கம். ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்றாங்கன்னா, ஒரு பக்கம் மட்டும் கோடு இருக்கிற கார் எங்கய்யா நிக்கும்?"

பாலிஷ் கோடு அழிந்த வலது பக்கத்தைப் பார்த்தான்.

"கோடு அழிக்கிற கடையிலதான், பாதி வேலையில! ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மாகிட்ட விசாரிச்சேன், இங்க அந்த வேலையெல்லாம் யாரும்மா செய்வாங்கன்னு. 'எங்க வீட்டுக்காரரை விட்டா ஆளே கிடையாது சார், ஒரு பக்கத்தை முழுசா முடிச்சுட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் தொடுவார்'னு பெருமையா உன் கடைக்கு வழி சொன்னாங்க."

செல்போன் மறுபடி அலறியது. மனைவிதான். எடுக்கத் தைரியம் இல்லாமல் பாலிஷ் அந்த விளங்காத கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் தட்டினார்.

"நட. உள்ள போய்க் கம்பி எண்ணலாம். உன் பழக்கத்தை மாத்திக்காத... ஒரு பக்கத்தை முழுசா எண்ணி முடிச்சுட்டே அடுத்த பக்கம் போ!"