கொடி காட்டினால் நிற்கும்

அமெரிக்காவில் நெப்ராஸ்காவைத் தாண்டி மேற்கே போகும் எங்கள் ரயில் வண்டியில், பிப்ரவரி மத்தியானம் ஒன்றில், கம்பெனியின் விளம்பர மேலாளர் எல்வுட் ஹேக்கெட் ஏறினான். கூடவே அவனுடைய ஒரே மகள் கோரா. ஏழு வயது, மஞ்சள் கோட்டு. நான் அந்த வண்டியின் கண்டக்டர். அவனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். மகள் அப்படியில்லை. டிக்கெட்டில் துளையை நான்தான் போடுவேன் என்று அடம்பிடித்து, போட்டுவிட்டுச் சிரித்தாள்.

எங்கள் கால அட்டவணைப் புத்தகத்தில் பாதி ரயில் நேரம், மீதி ஹேக்கெட்டின் புளுகு. புல்கூட முளைக்காத ஒரு பொட்டலுக்கு ஆர்ச்சர்ட் சிட்டி என்று பெயர் வைத்து, ஆப்பிள் தோப்பும் ஊஞ்சலும் வரைந்து விளம்பரம் போட்டான். அதை நம்பிச் சில குடும்பங்கள் நிலம் வாங்கின. கொடி காட்டினால் மட்டும் வண்டி நிற்கும் ஊர் அது. அப்புறம், தாமதமானால் டிக்கெட் பணம் வாபஸ் என்றும் அச்சடித்தான். பணம் கொடுக்கக் கம்பெனிக்கு மனம் வருமா? சின்ன ஊர்க் கொடிகளைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று டிரைவர்களுக்கு வாய்மொழி உத்தரவு போனது.

போன குளிர்காலத்துப் பனிப்புயலில் விறகு தீர்ந்து, அந்தச் சனங்கள் தண்டவாளத்தோரம் நின்று கொடியை ஆட்டினார்கள். எல்லா வண்டியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பனி உருகியபோது அங்கே ஒருவரும் உயிரோடில்லை.

ஊர் போயும் பெயர் போகவில்லை. அச்சகத்தில் கோத்த ஈய எழுத்துகளை அப்படியே வைத்திருந்து, மாறிய நேரங்களை மட்டும் மாற்றி அடுத்த பதிப்பை அடிப்பார்கள். அந்தப் பெயரை இன்னும் எடுக்கவில்லையே என்று ஹேக்கெட்டிடம் கேட்டேன்.

"இருந்துட்டுப் போகட்டும்யா. ஊர் நிறைய இருந்தாத்தான் கம்பெனி பெருசாத் தெரியும். செத்தவங்க வந்து ஏறவா போறாங்க?"

சொல்லி வாய் மூடவில்லை. எஞ்சின் இரண்டு முறை கூவியது.

வண்டி நின்றது.

அட்டவணையில் இருக்கிற ஊர், கொடி ஆடுகிறது, அட்டவணை போட்ட பெரிய மனிதரே வண்டியில் இருக்கிறார். டிரைவர் ஆமோஸ் பயந்துபோய் நிறுத்திவிட்டான். அவனைத் திட்டுவதற்காக ஹேக்கெட் எஞ்சின் பக்கம் ஓடினான்.

நான் கதவைத் திறந்தேன். காற்று அடியோடு நின்றிருந்தது. ஆப்பிள் வாசனை அடித்தது. அதற்கடியில் அழுகல் நாற்றம்.

பனியில் வரிசையாக ஆட்கள். அவர்களைச் சுற்றி ஒரு காலடித் தடம்கூட இல்லை. இமைகளில் படிந்த உறைபனியோடு என்னைப் பார்த்தார்கள். கொடியைப் பிடித்திருந்த பெண் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் வந்து நின்ற கோராவைப் பார்த்தாள்.

"ஊஞ்சல் இருக்கு, வாடா கண்ணு," என்றாள் மெதுவாக. "உங்கப்பாதான் எங்களுக்குப் போட்டுக் குடுத்தாரு."

கோரா என்னைத் தாண்டி இறங்கினாள்.

பிடிக்கப் பார்த்தேன். கைப்பிடி இரும்போடு என் விரல்கள் உறைந்து ஒட்டியிருந்தன.

கத்த வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

எஞ்சின் பக்கமிருந்து ஹேக்கெட்டின் குரல்தான் வந்தது.

"வண்டிய எடுய்யா, நேரமாகுது!"

வண்டி நகர்ந்தது. கையைப் பிய்த்தபோது தோல் இரும்போடு போயிற்று. அபாயக் கயிற்றை இழுத்து, வண்டியை நிறுத்தி, ஹேக்கெட்டும் நானும் திரும்பி ஓடினோம். பனி பால் ஊற்றியது போலச் சமமாகக் கிடந்தது. அவன் நகம் பெயரும்வரை அதைத் தோண்டினான். அன்றுதான் அவன்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது.

ஊர் வாய்க்குப் பயந்து, அடுத்த பதிப்பிலேயே கம்பெனி அந்தப் பெயரை எடுத்துவிட்டது. ஹேக்கெட்டின் வேலையும் போனது. பெயரைத் திரும்பப் போடச் சொல்லி, புதிதாக வந்த மேலாளரின் காலில் விழுந்தான். ஆளில்லாத பொட்டலில் யாருக்காக வண்டி நிற்கணும் என்று அவர் கேட்டாராம்.

இப்போது தினமும் டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்காருகிறான். அந்த இடம் வரும்போது மஞ்சள் கோட்டு தெரியும். அவளைவிடக் கொடி உயரம். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவாள். அட்டவணையில் இல்லாத ஊரில் நிற்கக் கூடாது என்பது விதி. ஆமோஸ் கண்ணை மூடிக்கொண்டு வேகத்தைக் கூட்டுவான்.

நேற்று அவள் கொடியைக் கீழே போட்டுவிட்டு வண்டியோடு ஓடிவந்தாள்.

இன்று காலை கடைசிப் பெட்டிக் கதவின் வெளிப்பக்கம், பெயின்ட் உரிந்து, சின்ன விரல்கள் பிறாண்டிய கோடுகள் இருந்தன. ஹேக்கெட் அவற்றின்மேல் தன் விரல்களை வைத்து நின்றுகொண்டிருந்தான். புறப்படும் நேரமாகிவிட்டது என்று சொல்லி அவனை விலக்கினேன்.