லிண்டாவின் சிங்கக் காசு

மஹய்யாவயில் வசிக்கும் லிண்டாவிடம் மூன்று சுவிஸ் வெள்ளிக்காசுகள் இருந்தன. ஒன்றில் பேர்ன் நகரத்துக் கரடி. இன்னொன்றில் பாசல் நகரமே கோபுரங்களோடு நின்றது. மூன்றாவதில் சூரிச் நகரத்துச் சிங்கம். அந்தக் காலத்தில் அங்கே ஒவ்வொரு நகரமும் தனக்கென்று காசு அடித்ததாம். சுவிஸில் வேலை செய்யும் லியோன் மாமா, பழைய சாமான் சந்தையில் தேடித் தேடி வாங்கிக் கொடுத்தவை அவை.

பாடசாலைக் கண்காட்சியில் அவற்றை மேசைமேல் அடுக்கினாள். பளபளவென்று மின்னிய சிங்கத்தை நடுவில் வைத்தாள்.

"பாரு நுஸ்ஹா, முதல் பரிசு எனக்குத்தான்!"

பக்கத்து மேசையில் நுஸ்ஹா காந்தங்களைப் பரப்பியிருந்தாள். "வெள்ளி காந்தத்துல ஒட்டாதுதானே? வெச்சுப் பார்ப்போமா?"

கரடி ஒட்டவில்லை. பாசல் நகரம் அசையவேயில்லை. சிங்கம் மட்டும் 'டக்' என்று பாய்ந்து காந்தத்தைப் பிடித்துக்கொண்டது.

லிண்டா சிங்கத்தைக் காந்தத்திலிருந்து பிய்த்தெடுத்தாள். உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு! யாரோ மாமாவை ஏமாற்றிவிட்டார்கள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்," என்று நுஸ்ஹா கிசுகிசுத்தாள். "அதிபர் சேர் வர்றதுக்குள்ள காந்தத்த ஒளிச்சிடுறேன்."

லிண்டா சிங்கத்தையே பார்த்தாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் பார்க்க வருகிற அத்தனை பேரும் மாமாவைப்போல ஏமாந்து போவார்களே!

"ஒளிக்காத. அந்தக் காந்தத்த எனக்குக் குடு."

காசுகளுக்கு முன்னால் எழுதி வைத்திருந்த பழைய அட்டையைக் கிழித்தாள். புதிதாக எழுதினாள்: 'மூன்றில் ஒன்று போலி. கண்டுபிடியுங்கள்!'

சிறிது நேரத்தில் மேசைக்கு முன்னால் நீண்ட வரிசை. பாடசாலை அதிபரும் வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"கரடிதான் போலி. பாருங்க, எவ்வளவு கறுத்துப் போயிருக்கு!"

"நல்லா யோசிச்சிட்டீங்களா, சேர்?"

"நூறு வீதம்!"

லிண்டா காந்தத்தை நீட்டினாள். கரடி அப்படியே கிடந்தது. சிங்கம் பாய்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அதிபர்தான் அதிகம் சிரித்தார்.

"நல்லா ஏமாந்துட்டேனே!"

"எங்க மாமாவும் இப்படித்தான், சேர்."

அதிபர் மறுபடியும் காந்தத்துக்குக் கையை நீட்டினார். "இன்னொரு தடவை செஞ்சு பார்க்கவா?"

"பின்னால நிறையப் பேர் நிக்கிறாங்க, சேர். வரிசையில வாங்க."

அதிபர் நடந்துபோய், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.