முரளியின் பீரங்கி வண்டி

"இதை ஒடிச்சது யாரு?"

முரளி போட்ட சத்தத்தில், அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த யமுனாவின் கை நின்றது. கொழுந்தன் குவைத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தபோது தனக்கென்று வாங்கிவந்த ஒரே பொருள் அது. பிரிட்டிஷ் ராணுவத்தின் சேலஞ்சர் டூ பீரங்கி வண்டியின் பொம்மை, உள்ளங்கை அகலத்தில், அச்சு அசலாக! டிவி மேல் வைத்து, செம்மேட்டு நண்பர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டுவான். இப்போது அதன் நீண்ட குழல் முறிந்து கிடந்தது.

"இதை இனிமே செய்யறதே இல்லையாம்... எங்க போய்த் தேடுவேன்? அண்ணி, நீங்கதான! நான் வந்ததுலருந்தே உங்களுக்கு வயித்தெரிச்சல்!"

யமுனா மாமியாரைப் பார்த்தாள். பாவாயி சேலைத் தலைப்பைத் திருகியபடி சுவரோடு ஒட்டி நின்றாள்.

முந்தின நாள் டிவி மேல் தீப்பெட்டியைத் துழாவிய பாவாயியின் கை பட்டுத்தான் வண்டி கீழே விழுந்தது. "கண்ணு மங்கிருச்சுன்னு தெரிஞ்சா என்னைய மூலையில ஒக்கார வெச்சுருவானுங்க சாமி... சொல்லிராத!" என்று அழுது சத்தியம் வாங்கியிருந்தாள்.

"நாந்தானுங்க தம்பி... தொடைக்கறப்ப விழுந்துருச்சு."

"பொய்யி! வேணும்னே போட்டு ஒடிச்சிருக்கீங்க!"

முன்பு காமாலையில் கிடந்த முரளியை ராப்பகலாக மடியில் போட்டுக் காப்பாற்றியவள் இந்த அண்ணிதான்!

தம்பியின் சத்தம் கேட்டுத் தோட்டத்திலிருந்து வந்த கணவன் மாதேஸ்வரன், என்ன ஏதென்று கேட்கவில்லை. "அவன் கால்ல விழு. இல்லீன்னா உங்கொப்பன் ஊட்டுக்குப் போயிரு!"

யமுனாவுக்குக் கண்ணீர் பொங்கியது. "கால்ல விழ மாட்டேனுங்க" என்றாள். நாலு சேலையைப் பையில் திணித்து வாசலில் இறங்கினாள்.

"நில்லு கண்ணு!"

தடுமாறி ஓடிவந்த பாவாயி, எதிரே கிடந்த கிழங்கு மூட்டை தெரியாமல் மோதி விழுந்தாள்.

"ஒடிச்சது நாந்தான்டா! எனக்குக் கண்ணு தெரியலடா! இவ எனக்காகப் பழியச் சொமந்தா... நானும் வாய மூடிக்கிட்டு நின்னேனே, பாவி!"

யமுனா ஓடிப்போய்த் தூக்கினாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

முரளி பையைப் பிடித்தான். "அண்ணி... தெரியாமப் பேசிட்டேனுங்க..."

"பையை விடுங்க தம்பி." கணவனிடம் திரும்பினாள். "தம்பி கோவத்துல பேசுனாரு. நீங்க என்னன்னு ஒரு வார்த்தை கேக்கலியேங்க..."

மாதேஸ்வரன் கிழங்கு மூட்டையை ஓரமாகத் தள்ளினான்.

"அத்தைக்குக் கண்ணு ஆஸ்பத்திரி பாக்கோணும். நான் கூட்டிட்டுப் போறேன். அப்பறம் எங்கொப்பன் ஊட்டுல இருக்கறோம்."

"நானும் வாரேன் சாமி" என்று அவள் கையை இறுகப் பற்றினாள் பாவாயி.

நாமக்கல் பஸ் வந்தது. மாமியாரை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பக்கத்தில் அமர்ந்தாள் யமுனா.

"அவனுங்க நிக்கறானுங்களா கண்ணு?"

"நிக்கறாங்க அத்தை."

"நிக்கட்டும்!"