கல்திட்டைமேல் நிற்பவள்

அன்று மதியம் கல்லில் மாவை ஊற்றித் தேய்க்கும்போதுதான் அழைப்பு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். துறைமுகத் தெருவில், தோசை போல மெல்லிசான கலெட் சுட்டு விற்கும் சின்னக் கடை எனக்கு. கடலில் யாராவது சிக்கினால் ஊர் மீட்புப் படகில் போவதும் நான்தான். சம்பளம் கிடையாது. படகை ஓட்டும் கூல்வென் அண்ணனுக்கும் கிடையாது. அவர் சிப்பி வளர்ப்பவர்.

மீட்பு நிலையத்தில் அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கிளம்பல?"

"எங்க? அந்தக் கல்திட்டைக்கா? ஒரு பொண்ணு நிக்கறா, தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு, அதானே?"

அதேதான். இலையுதிர் காலம் தொடங்கியதிலிருந்து இதே அழைப்பு. தபால்காரர், படகுப் பயணிகள், பாதிரியார் என்று யார் யாரோ பார்த்துச் சொல்வார்கள். கல்திட்டை என்பது பெரிய கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய பழங்காலக் கல்லறை; கடல் வற்றினால் சேற்றில் நடந்தே அங்கே போகலாம். கடல் ஏறினால் அந்த மூடுகல்லின் முதுகு மட்டும் தெரியும். கடல் பொங்கும் பெரிய ஓதத்தில் அதுவும் மூழ்கிவிடும். ஒவ்வொரு முறையும் நாங்கள் விழுந்தடித்துக்கொண்டு போவோம். ஆள் இருக்காது. நடுக்கடலில், அப்போதுதான் குழி வெட்டியது போல ஈர மண் வாசனை மட்டும் அடிக்கும்.

"சிப்பிய அப்படியே சேத்துல போட்டுட்டு ஓடுறேன். எதுக்கு? பாசிய பாக்கவா?" என்றார்.

"இன்னைக்கு நிஜமா இருந்தா?"

"போன தடவையும் இதத்தான் கேட்ட, அசெனோர்."

அவர்மேல் கோபம் வந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை என்பதால் இன்னும் கோபம் வந்தது. மேசைமேல் கிடந்த படகுச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"தனியா போகக் கூடாது, சொல்லிட்டேன்! ஏய்!"

வெளியே அதற்குள் மூடுபனி இறங்கியிருந்தது. பட்டப்பகலில் படகின் மூக்கே தெரியவில்லை. குத்துமதிப்பாக ஓட்டிப் போய், இன்ஜினை நிறுத்திக் காது கொடுத்தேன். தண்ணீர் எதையோ நக்கும் சத்தம். பிறகு அந்த மண் வாசனை.

யாரோ இருமினார்கள்.

கல்லின்மேல் ஒரு பெண் நின்றிருந்தாள். தண்ணீர் மார்பைத் தொட்டுவிட்டது. உதடு நீலம். நிஜப் பெண்! அவளைப் படகுக்குள் இழுத்துப் போட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேர் சோலென், ரென் நகரத்து மாணவி. கல்லறைக்குள் கல்லில் வெட்டியிருக்கும் கோலங்களைப் பார்க்கப் போனவள், ஓதம் ஏறியதைக் கவனிக்கவில்லை.

"அவங்க?" என்றாள் பல் தந்தியடிக்க.

"யாரு?"

"என்னைப் பின்னாலேருந்து பிடிச்சுக்கிட்டிருந்தாங்களே. அவங்க விட்டிருந்தா நான் போயிருப்பேன். அவங்களையும் ஏத்துங்க."

சுற்றிச் சுற்றி வந்தேன். கூப்பிட்டேன். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினேன். கல்தான் தட்டுப்பட்டது. இங்கே இவள் விறைத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே இன்னொரு உயிர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இத்தனை நாள் வெறும் கையோடு திரும்பிய எரிச்சலெல்லாம் தொண்டைக்கு வந்தது.

"இருந்தா ஏறித் தொலை!" என்று பனியைப் பார்த்துக் கத்தினேன்.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

யாரோ கைவைத்து ஏறும்போது சாய்வது போல.

பிறகு நேரானது.

சோலென் கண்ணை மூடிக்கொண்டாள். நான் திரும்பிப் பார்க்காமல் இன்ஜினை முடுக்கினேன்.

துறையில் கூல்வென் அண்ணன் கம்பளியோடு நின்றிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. சோலெனைத் தூக்கிப் போர்த்தினார்.

"மன்னிச்சுக்கம்மா," என்றார் என்னிடம். "ஒரு கம்பளிதான் கொண்டாந்தேன். இரு, அவங்களுக்கும் ஒண்ணு எடுத்துட்டு வர்றேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஓடிவிட்டார். திரும்பி வந்தவர் கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு காலிப் படகையே பார்த்தார்.

"முன்னாடி உக்காந்திருந்தாங்களே?"

சோலென் பிழைத்துக்கொண்டாள். கல்திட்டை அழைப்பு அதோடு நின்றுவிட்டது. ஆனால் இப்போது நாங்கள் எதற்காகப் படகை எடுத்தாலும், துறைமுகக் காவல் அறையிலிருந்து வானொலியில் திட்டுகிறார்கள்.

"மீட்புப் படகு, முன்னாடி நிக்கற பொண்ண உக்காரச் சொல்லுங்க. உயிர்காப்பு அங்கி கூட மாட்டல. நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி?"

யாரும் இல்லை என்று சொல்லிப் பார்த்தோம். குடித்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அதன் பிறகு, "சரிங்க, சொல்றோம்," என்று கூல்வென் அண்ணன் பல்லைக் கடித்துக்கொள்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பொறுமை போய்விட்டது. காலியாக இருந்த படகின் முன்பக்கம் திரும்பி, "அதான் சொல்றாங்கல்ல, உக்காரேம்மா!" என்று கத்தினார்.

வானொலி கரகரத்தது.

"நன்றி, உக்காந்துட்டாங்க."